அம்பு ஒட்டிய பேர்

என் வாய்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து என்னைக் கேட்க வேண்டாம். முதலிபாளையம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். பேர் முத்தாத்தாள். இருபத்திரண்டு வருஷமாகச் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற நாக்கு இது, அதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை. பேச்சில்தான் வந்தது. போன ஆடி மாசத்தில் ஒரு மத்தியானம் கையில் கரண்டியோடு ஐந்தாம் வகுப்புக்குள் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அது ஒரு குடும்பத்தையே ஆட்டிவிட்டது.

எங்கள் பக்கத்து ஆடியைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் புரியாது. விடிந்ததிலிருந்து காற்று. பல்லடத்துப் பக்கம் நிற்கிற காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் ஒன்றுபோலச் சுற்றும். பனியன் கம்பெனி ஜன்னல்களிலிருந்து பஞ்சு கிளம்பித் தெருவெல்லாம் மிதந்து, பள்ளிக்கூடத்து ஓட்டில், கொடிக்கம்பத்தில், பிள்ளைகளின் எண்ணெய்த் தலையில் வந்து உட்காரும். மழையும் பெய்யாது, வெயிலும் சுடாது. தூரத்தில் தையல் மிஷின்களின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பிள்ளைகளுக்குக் கண் சொக்கும், வாத்தியார்களுக்கும் சொக்கும், நானும் பருப்பு வேகும்வரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவேன். எது கண்ணால் கண்டது, எது அரைத் தூக்கத்தில் கண்டது என்று பிரிக்க முடியாத மாசம் அது. அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்குப் பஞ்சு மூடினாற்போலத்தான் தெரிகிறது.

நான் குடியிருப்பது லைன் வீட்டில். எட்டு வீடு ஒரே வரிசை, எட்டுக்கும் ஒரே குழாய். முதல் வீடு என்னுடையது, நாலாவது ஒச்சாயியுடையது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். புருஷன் தவசி கம்பெனியில் அயர்ன் மேசையில் நிற்கிறவன், அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். ஒச்சாயி செக்கிங் போகிறாள். தைத்து வந்த பனியனை மேசையில் விரித்துப்போட்டு, தையல் விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை எங்கே இருக்கிறதென்று கண்ணாலேயே தேடுகிற வேலை அது. குறை தெரிந்த இடத்தில் நக அளவுக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு முனை சரியாகக் குறையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அப்புறம் அந்தப் பீஸ் ஆல்டருக்குப் போகும். அங்கே பிரித்துத் தைத்துச் சரி பண்ணுவார்கள், மறுபடி செக்கிங் வரும். எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அந்தச் சிவப்பு அம்பு எதற்கென்று தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படி ஒரு வார்த்தை சொன்னேன், என்னை என்ன சொல்வது.

ஒச்சாயிக்கு ஒரே பிள்ளை, தரணி. பத்து வயசு, ஐந்தாம் வகுப்பு. ரூம் மாற மாற மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டு ஜூன் மாசம் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். முதல் வாரம் வாத்தியார் ஏதோ கேட்க, “எங்க பெரியம்மா ஊர்லருந்து வந்துருக்காக சார், அதான் நேத்து வரல” என்றாள். அந்த ‘வந்துருக்காக’வைக் கேட்டு வகுப்பே சிரித்தது. எங்கள் பிள்ளைகள் ‘வந்திருக்கறாங்க’ என்று இழுக்கிற ஜாதி. கான்ட்ராக்டர் மகன் கவின் என்று ஒரு வால், அவன் மறுநாளிலிருந்து “சோறு வந்துருக்காக, முட்டை வந்துருக்காக” என்று என் முன்னாலேயே நடித்துக் காட்டினான். காதைத் திருகி அனுப்பினேன். ஆனால் அந்தப் பிள்ளை வாயை மூடியது மூடியதுதான். தட்டில் சோறு போதுமா என்றால்கூடத் தலையைத்தான் ஆட்டும். எல்லாருக்கும் தள்ளி, தானிய அறைப் படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்.

ஒச்சாயி இதைப் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஆடி பிறந்ததும் ஒரு நாள் குழாயடியில் என்னிடம் சொன்னாள்.

“ஊருக்கு அனுப்பிரலாம்னு இருக்கேங்க்கா. எங்க அக்கா ஊட்ல… அக்கா வீட்ல இருந்து படிக்கட்டும். இங்க பேச்சுத்தொணைக்கு ஒரு புள்ள இல்ல அவளுக்கு. ராத்திரி சொவத்தப் பாத்துப் பேசிக்கிட்டுக் கெடக்கா. கொடியேத்தம் முடியவும் டி.சி. வாங்கணும், வாத்தியார்ட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

‘ஊட்ல’ என்று எங்கள் பேச்சு அவள் வாயில் தானாக வந்து, தானாகத் திருத்திக்கொண்டாள். பெற்ற பிள்ளையைப் பிரிந்து இருப்பாயா என்று கேட்டேன். நான் இருப்பேன், அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றாள். சொல்லும்போது பக்கெட் நிரம்பி வழிந்ததை அவள் கவனிக்கவில்லை. ஜிப் வைத்த நீலப் பை ஒன்றில் பிள்ளையின் துணிகளை மடித்து வைத்து, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியும்விட்டாள். போகவர அந்தப் பை எனக்கும் கண்ணில் படும்.

ஐந்தாம் வகுப்பு வாத்தியார் மகுடேஸ்வரன். வெள்ளகோவிலிலிருந்து தினம் வண்டியில் வந்துபோகிறவர். தோட்டம் துரவு உள்ள குடும்பம், பேச்சில் வெண்ணெய் உருகும். கணக்குப் பாடம் நடத்தும்போது கொட்டாவி விடுவார். சமூக அறிவியலில் அரசாங்கம், தேர்தல், பஞ்சாயத்து என்று வந்துவிட்டால் மட்டும் மனுஷனுக்கு வேறு முகம் வந்துவிடும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எங்கோ தூரத்தில் நடப்பதைப் பார்த்துச் சொல்வதுபோல மெல்லப் பேசுவார். சமையலறைக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் ஒரே ஜன்னல். நான் ஐந்தாம் வகுப்பை இதுவரை இருபது தடவை படித்தாயிற்று.

ஒரு நாள், நம் நாட்டுக்கு ராஜா யார் என்று கேட்டார். கம்பெனி முதலாளி என்றது ஒரு பிள்ளை. ராஜாவே கிடையாது, நாம்தான் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம், அந்த ஆள் சரியில்லை என்றால் நாம்தான் மாற்றுகிறோம் என்றார். நம் வார்டு எது தெரியுமா என்றதற்கு, தெரியும், என் தம்பி அங்கேதான் பிறந்தான், பிரசவ வார்டு என்றாள் சாயிமா. கடைவீதியில் குறைப்பட்ட செகண்ட்ஸ் பனியன் விற்கிற கடை வைத்திருக்கிற நஜீமுதீனின் மகள், படு சூட்டிகை. வாத்தியார் சிரித்துக்கொண்டே பலகையில் ஊரை வரைந்து கோடு கோடாகப் பிரித்து விளக்கினார். வெளியே பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். தரணி தூங்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் பாடமாகச் சொன்னால் ஏறாது, வகுப்புக்கு ஒரு தலைவரைத் தேர்தல் வைத்தே எடுத்துவிடலாம் என்று வாத்தியார் முடிவு பண்ணினார். சுதந்திர தினத்தில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொல்லப் போவது அந்தத் தலைவர்தான். கவின் தானாகவே எழுந்து நின்றான். பெண்பிள்ளைகள் சாயிமாவை நிறுத்தினார்கள். மூன்று பேராவது நின்றால்தான் தேர்தல் மாதிரி இருக்கும் என்று, யாரையும் கேட்காமல் வாத்தியாரே தரணியின் பேரை எழுதினார். பேசாத பிள்ளைக்கு இதிலாவது வாய் திறக்கட்டும் என்று நல்லெண்ணம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. யாரும் சொல்லாத பேர் பட்டியலில் எப்படி வந்தது என்று முணுமுணுத்தார்கள். கவின் புளிப்பு மிட்டாய் வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தான். ஓட்டுக்கு முன்னால் தின்னக் கொடுப்பது தப்பு என்று வாத்தியார் அதைப் பிடுங்கி மேசை டிராயரில் பூட்டினார். அந்த மிட்டாயை யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

ஓட்டுச்சீட்டுக்குக் கம்பெனிக் கழிவுப் பேப்பர் கிடைத்தது. பெட்டிக்கு அட்டைப்பெட்டி. முத்திரைக்கு என்ன செய்வது என்று வாத்தியார் யோசித்தபோது நான்தான் முந்திரிக்கொட்டையாக மூக்கை நீட்டினேன். ஒச்சாயியிடம் மிச்சம் மீதி அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும், பேருக்கு நேரே ஒட்டினால் போயிற்று என்றேன். அம்பு யாரைக் காட்டுகிறதோ அவருக்கு ஓட்டு, இது நன்றாயிருக்கிறதே என்று அவர் சந்தோஷப்பட்டார். ஸ்டிக்கர் வைத்துத் துணியில் என்ன செய்வார்கள் என்று வெள்ளகோவில் தோட்டத்து மனுஷனுக்கு என்ன தெரியும்.

தேர்தல் அன்று மூலையில் வேட்டி கட்டி மறைப்பு ஏற்பாடு பண்ணியாயிற்று. சீட்டுக் கொடுக்கப் போகிற நேரத்தில் தலைமையாசிரியை கூப்பிட்டுவிட்டார், ஏதோ விவரம் உடனே ஆன்லைனில் ஏற்ற வேண்டுமாம். வாத்தியார் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்.

“ஏனுங்கக்கா, சித்த வந்து நின்னுக்கறீங்களா? ஒவ்வொருத்தரா உள்ள போய் ஸ்டிக்கர் ஒட்டிட்டு வரச் சொல்லுங்க, அவ்வளவுதான்.”

சாம்பார் கொதி வந்துகொண்டிருந்தது. கரண்டியோடு போய் நின்றேன். எப்படி ஒட்டறது என்று முதல் வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது. சாம்பார் அடிப்பிடிக்குமோ என்ற நினைப்பில் நான் சொன்னேன்:

“உங்கம்மா கம்பெனியில எப்படி ஒட்டறாங்களோ அப்படியே ஒட்டுங்க கண்ணு.”

இவ்வளவுதான் நான் சொன்னது. பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவராக வேட்டிக்குப் பின்னால் போய் வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. காற்றில் வேட்டி உப்பி உப்பி அடங்கியது. எவ்வளவு பொறுப்பாக ஓட்டுப் போடுகிறதுகள் என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இருபத்தாறு சீட்டு. வாத்தியார் திரும்பி வந்து ஒவ்வொன்றாக எடுத்து எல்லாருக்கும் காட்டி எண்ணினார். சாயிமா மூன்று. கவின் ஐந்து. தரணி பதினெட்டு. வகுப்பு அமைதியாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியார் அதைப் பிரமிப்பு என்று நினைத்துக்கொண்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன். தலைவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார். தரணி எழுந்து நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.

“அந்தக் குழா ஒழுகுது சார்.”

இரண்டு மாசத்தில் அந்தப் பிள்ளை வகுப்பில் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. யாரும் சிரிக்கவில்லை. மிச்சமிருந்த ஸ்டிக்கரிலிருந்து ஒன்றை உரித்துக்கொண்டு போய், ஒழுகுகிற குழாயின் கழுத்தில் அம்பு முனை படும்படி ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் லைன் வீட்டில் ஒச்சாயி கால் தரையில் படவில்லை. பதினெட்டுப் பேர், பதினெட்டுப் பேர் என்று எட்டு வீட்டுக்கும் சொல்லி முடித்து, மறுபடி முதல் வீட்டுக்கு வந்து என்னிடமே சொன்னாள். தவசி வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். என் பிள்ளைக்கு இத்தனை சேக்காளிகள் இருப்பது தெரியாமல் ஊருக்கு அனுப்ப இருந்தேனே என்று ஒச்சாயி அழுதாள். டி.சி. பேச்சை விட்டுவிடச் சொன்னாள். பையை ஆணியிலிருந்து இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள், துணியை மட்டும் இன்னும் வெளியே எடுக்கவில்லை. தரணி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முட்டை போடுகிற நாள். தட்டை நீட்டிக்கொண்டே சாயிமா எக்கி என் காதில் கேட்டாள். பிள்ளைகளுக்கு நானும் டீச்சர்தான்.

“ஏனுங் டீச்சர், டேமேஜுன்னு நாங்க ஒட்டுனவளையே சார் தலைவராக்கிட்டாருங்க? நீங்கதானுங்க அம்மா ஒட்டற மாதிரி ஒட்டச் சொன்னீங்க. யாரும் சொல்லாம வந்த பேரு அவ பேருதான, அதாங் ஒட்டுனோம்.”

முட்டை என் கையிலிருந்து நழுவி அண்டாவுக்குள்ளேயே விழுந்தது. நல்லவேளை, அவித்த முட்டை. வேறு யாரிடமும் சொன்னாயா என்றேன். வாத்தியார் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார், எப்படிச் சொல்வது என்றாள். அந்த ஒரு காரணத்துக்காக மொத்த வகுப்பும் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதே காரணத்துக்காக நானும் மூடிக்கொண்டேன். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது, கட்டிலுக்கடியில் கிடந்த நீலப் பை. உண்மையைச் சொன்னால் மறுதேர்தல் வரும், அதில் இந்தப் பிள்ளைக்கு ஒரு ஓட்டுக்கூட விழாது, ஒச்சாயி பையை மறுபடி ஆணியில் மாட்டுவாள்.

அதற்கப்புறம் நடந்ததை நான் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். தரணி தினமும் கையில் அந்த ஸ்டிக்கர் தாளோடு பள்ளிக்கூடத்தைச் சுற்றினாள். பெஞ்சில் ஆணி தூக்கிய இடத்தில் ஒரு அம்பு. பெண்பிள்ளைகள் கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் ஒரு அம்பு. படியில் உடைந்த முனையில் ஒன்று. முதலில் தள்ளி நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைகள், நாலைந்து நாளில் அவள் பின்னால் நடக்க ஆரம்பித்தன. இங்கே ஒன்று ஒட்டு, அங்கே ஒன்று ஒட்டு என்று இழுத்தன. “எங்கிட்டு?” என்பாள் அவள். “அங்கிட்டு!” என்று கத்திக்கொண்டு முன்னால் ஓடும் பிள்ளைகள். முதலில் கேலியாகச் சொன்னதுதான். பிறகு கேலி எப்போது போயிற்று என்று எனக்கே தெரியவில்லை, இங்கிட்டும் அங்கிட்டும் வகுப்பில் எல்லார் வாயிலும் புழங்கியது. கவின்கூட மைதானத்து ஓரத்தில் கண்ணாடிச் சில்லு கிடக்கிற இடத்தைக் காட்ட அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனான். மத்தியான வெளிச்சத்தில், பறக்கிற பஞ்சுக்கு நடுவே, பள்ளிக்கூடம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள். நான் கண்ணை மூடினாலும் அவைதான் தெரிந்தன. ஒரு மத்தியானம் சுவரில் சாய்ந்து சொக்கிப்போனவள், என் உதட்டில் ஒரு அம்பு ஒட்டியிருப்பதாகக் கண்டு திடுக்கிட்டு எழுந்து துடைத்துக்கொண்டேன்.

வாத்தியார் அந்த அம்புகளையே பாடமாக்கினார். குறையைக் கண்டால் புலம்பக் கூடாது, எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மனு எழுதக் கற்றுக்கொடுத்தார். இருபத்தாறு பேரும் கையெழுத்துப் போட்டுப் பஞ்சாயத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நாலாம் நாள் ஆள் வந்து குழாயை மாற்றினான், கக்கூசுக்குத் தாழ்ப்பாள் போட்டான். புதுக் குழாயைப் பிள்ளைகள் திறந்து திறந்து மூடிப் பார்த்தார்கள். தரணி வீட்டில் அப்பனிடம் எங்கள் ஊர்ப் பேச்சில் “ஆமாங்க” என்று சொல்லப் போக, தவசி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம்.

என்னால்தான் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி தட்டுக் கழுவ வந்த தரணியை நிறுத்தி, தானிய அறைப் படியில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான்தான் தப்பாகச் சொன்னேன், அது ஓட்டு இல்லை என்றேன். அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முகம் மாறவில்லை.

“தெரியும் டீச்சர். அன்னைக்கே தெரியும்.”

“எப்படிக் கண்ணு?”

“நானும் அப்படித்தான் ஒட்டுனேன். கவின் பேர்ல. டேமேஜுனு.” தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். “அது செல்லாத ஓட்டுத்தான, அதான் சொல்றேன். செல்ற ஓட்டுன்னா சொல்ல மாட்டேன்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பதினெட்டுப் பேர் தன் பேரில் அம்பு ஒட்டியதை இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது? ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்றேன். சொல்லியிருந்தால் ஊருக்கு அனுப்பியிருப்பாள், எனக்கு அம்மாவை விட்டுப் போகப் பிடிக்கவில்லை என்றாள். அப்படியானால் இப்போதும் சொல்ல வேண்டாம் சாமி, நானும் சொல்லவில்லை, இன்னும் மூன்று நாள்தானே, கொடியேற்றம் முடிந்துவிடும் என்று கெஞ்சினேன். அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

“ஸ்டிக்கர் ஒட்டுன பீச அப்படியே பேக்கிங் பண்ண மாட்டாக டீச்சர். தூக்கியும் போட மாட்டாக. ஆல்டருக்குப் போயிட்டு மறுபடி செக்கிங் வரணும். நானும் வரணும்ல. இல்லாட்டிக் கொடிக்கு முன்னால எப்படி நிக்கிறது?”

எழுந்து போய் வாத்தியாரிடம் நானே சொன்னேன். மனுஷன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“நானுமுங்கக்கா, அந்தப் புள்ளையக் கேக்காமலே பேர எழுதிப்போட்டனுங்க. ஓட்டப் பத்தி இத்தன நாள் பாடம் நடத்தி என்னத்துக்குங்க” என்றார். அவருடைய வெண்ணெய்க் குரல் உடைந்திருந்தது.

பதினாலாம் தேதி மறுதேர்தல். இந்தத் தடவை வாத்தியார் தரணியிடம் நிற்கச் சம்மதமா என்று முதலில் கேட்டார், சம்மதம் என்றாள். ஸ்டிக்கர் வேண்டாம் என்று பென்சிலால் டிக் போட வைத்தார். என்னைக் கூப்பிடவே இல்லை. நான் சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டி காற்றில் உப்பி அடங்கியது. அதே அட்டைப்பெட்டி, அதே இருபத்தாறு சீட்டு. ஒரு ஓட்டாவது விழ வேண்டும் என்று எங்கள் குலதெய்வத்துக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

கவின் மூன்று. தரணி பதினொன்று. சாயிமா பன்னிரண்டு.

ஒரே ஒரு ஓட்டில் தோற்றுவிட்டாள். சாயிமாவைத் தூக்கிக்கொண்டு பெண்பிள்ளைகள் கத்தினார்கள். தரணி பலகையில் தன் பேருக்கு நேரே இருந்த பதினொரு கோட்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை எண்ணினாள். அப்புறம் திரும்பி வகுப்பைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அன்று சாப்பாட்டு வரிசையிலும் அப்படித்தான். தானிய அறைப் படிக்குப் போகவில்லை, எல்லாருக்கும் நடுவில் தட்டை வைத்து உட்கார்ந்து, சோற்றைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சாயங்காலம் அவளோடு நானும் நாலாவது வீட்டுக்குப் போனேன். நடந்ததை முதலிலிருந்து நானே சொன்னேன். ஒச்சாயி அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், தலையெல்லாம் பஞ்சு. கேட்கக் கேட்க முகம் இறுகியது. நீங்களுமா என்னிடம் மறைத்தீர்கள் என்று என்னைப் பார்த்துக் கேட்டாள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். பதினெட்டுப் பேர் என் பிள்ளையை டேமேஜ் என்றார்களா என்று கேட்டாள். குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து நீலப் பையை இழுத்தாள்.

“அம்மா, அது மொத செக்கிங்” என்றாள் தரணி. “இப்ப மறுபடி வச்சாக. பதினோரு ஓட்டு எனக்கு. நெசமான ஓட்டு.”

ஒச்சாயி பையைப் பிடித்தபடியே நின்றாள். மகளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நாளெல்லாம் குறையையே தேடிப் பழகிய கண், மெல்ல இறங்கி மெல்ல ஏறியது.

“பதினோரு பேரா? யாரு யாரு?”

“அது ரகசிய ஓட்டும்மா. கேக்கக் கூடாது.”

“பெத்தவகிட்டச் சொன்னா என்ன?”

“எனக்கே தெரியாதும்மா. யாரா வேணா இருக்கலாம்.”

“அதுல ஒன் ஓட்டும் ஒண்ணா?”

“அதுவும் ரகசியம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை சிரித்தது. அது வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒச்சாயி பையின் ஜிப்பைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டாள். போட்டுக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். தவசி அதை மடித்து வைக்க உட்கார்ந்தான்.

மறுநாள் கொடியேற்றம். சாயிமா கொடிக்கம்பத்துக்கு முன்னால் நின்று உறுதிமொழி சொன்னாள், இருபத்தைந்து பேரும் திருப்பிச் சொன்னார்கள். காற்றில் கொடி படபடவென்று அடித்ததில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. எல்லாம் முடிகிற நேரத்தில் கேட்டைத் திறந்துகொண்டு ஒச்சாயி வந்தாள், தோளில் அதே நீலப் பை. அவள் பையை இறக்கி ஜிப்பைத் திறந்தாள். உள்ளே பெரிய தூக்குப்போசி, தூக்குப்போசி நிறையக் கருப்பட்டிப் பணியாரம். விடிகாலையில் எழுந்து சுட்டிருக்கிறாள், இன்னும் சூடு போகவில்லை.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கையில் வைத்தாள். ஓட்டுக்குத் தின்னக் கொடுப்பது தப்பில்லீங்களா என்று நான் வாத்தியாரைச் சீண்டினேன். முன்னால் கொடுத்தால்தான் தப்புங்க என்று அவர் ரொம்ப யோசித்துச் சொல்லிவிட்டு, கையை நீட்டி ஒன்று வாங்கிக்கொண்டார்.

“பதினோரு பேருக்குச் சுட்டாப் போதும்க்கா” என்றாள் ஒச்சாயி என்னிடம். “யாருன்னு சொல்ல மாட்டேங்குறாளே. அதான் எல்லாருக்கும் சுட வேண்டியதாப் போச்சு.”

கவின் தின்று முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன்போல மறுபடி வரிசையில் வந்து நின்றான். இவன் ஒரு தடவை வாங்கிவிட்டான் என்று நான் சொன்னேன். ஒச்சாயி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவனா இருந்துட்டா?” என்று சொல்லி, இன்னொன்று எடுத்து அவன் கையில் வைத்தாள்.